மழைப்பூனையின் பந்தயம்

ஐந்தாவது சீட்டு விரிந்தபோது வான்-ஜென் கணினித் திரையை நோக்கிக் குனிந்தாள். ஹார்ட்டின் ராணி. திரையின் நடுவில், இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளில், இப்போது மூன்று ஹார்ட்டின். அவள் கையில் இரண்டு ராஜாக்கள், இரண்டும் கறுப்பு. எதிராளியிடம் இரண்டு ஹார்ட்டின் இருந்தால் ஐந்தும் ஒரே இனமாகிவிடும், ராஜாக்கள் செத்தார்கள்.

மதியம் தாண்டியிருந்தது. கீலுங்கில் அன்றும் மழை. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி அடங்கியது. பின்னால் அக்கா ஷு-ஃபாங் மறுநாள் காலைக் கடைக்கு வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். பகலில் மட்டும், அதுவும் தான் அறையில் இருக்கும்போது மட்டும் இணையத்தில் பணம் வைத்துச் சீட்டாடலாம் என்பது அக்கா போட்ட நிபந்தனை. அதற்குக் காரணம் இருந்தது.

எதிர் இருக்கையில் இருந்த பெயர் மழைப்பூனை. அது வான்-ஜென்னின் பழைய பெயர். அந்தப் பெயரில் ஆடிய நாட்களில் அவள் நாற்காலியை விட்டு எழுந்ததே குறைவு. ஒரு விடியற்காலையில் அவள் திரையோடு வாய்விட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை அக்கா கதவருகே நின்று பார்த்தாள். அந்த வாரமே அந்தப் பெயரிலிருந்த ஆட்டக் கணக்கை விற்கவைத்தாள். வாங்கியவர் தாய்சுங்கில் ஒரு பல் மருத்துவராம். நடுவில் ஒரு தரகர், முகம் பார்த்ததில்லை. இரண்டு வருஷம் ஒதுங்கியிருந்துவிட்டு, இந்த வசந்தத்தில்தான் வேறு பெயரில், சின்ன மேஜைகளில், பயந்து பயந்து அவள் திரும்பியிருந்தாள். இன்று அந்தப் பழைய பெயர் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டது.

மழைப்பூனையின் கடிகாரம் சிவப்பாகும்வரை ஓடியது. நின்றுவிடப் போகிற கணத்தில் மொத்தப் பணமும் நடுவே வந்து விழுந்தது. அங்கே ஏற்கெனவே இருந்ததைப்போல் இரண்டு மடங்கு.

 வான்-ஜென்னும் அந்த நாட்களில் அப்படித்தான் செய்வாள். ஒரே இனத்தில் மூன்றாவது சீட்டு விழவேண்டும், எதிராளியின் தொண்டை வறளும்வரை காக்கவேண்டும், பிறகு கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் தள்ளவேண்டும். கணக்கோடு பழைய ஆட்டங்களின் பதிவுகளும் அந்த டாக்டருக்குப் போயின. அதைப் பார்த்துப் படித்திருப்பார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அப்போது திரையின் ஓரத்துப் பேச்சுக் கட்டத்தில் ஒரு வரி வந்தது. “சாப்பிட்டாச்சா?”

கை வெறுமையாக இருக்கும்போது மட்டும் அவள் எதிராளியிடம் கேட்கும் கேள்வி அது. பயந்தவன் இப்படி விசாரிக்கமாட்டான் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அக்காவிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. பதிவுகளில் பேச்சு ஏறாது.

“அக்கா, இங்க கொஞ்சம் வாயேன்.”

“கையெல்லாம் நாறுது. என்னன்னு சொல்லு.”

“சாப்பிட்டாச்சான்னு கேக்குது.”

“யாரு?”

“நான்தான்.”

கத்தி நின்றது. ஷு-ஃபாங் கையை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தபடி வந்து திரையில் இருந்த பெயரைப் படித்தாள். “இத வித்துத் தொலைச்சோமேடி?”

“வித்தோம்.”

கூடுதல் நேரத்துக்கான கடிகாரம் ஓடத் தொடங்கியது. எல்லா அடையாளமும் வெற்று மிரட்டல் என்றே சொன்னது, ஒன்று விடாமல். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இவ்வளவு தெரிந்த அதற்கு, எதிரே இருப்பது யாரென்றும் தெரிந்திருக்கும். அவள் நம்பி இறங்குவாள் என்று கணக்குப் போட்டு, இந்த ஒருமுறை நிஜமான ஹார்ட்டின்களோடு காத்திருக்கும். இறங்கித் தோற்றால் வசந்தத்திலிருந்து சேர்த்தது முழுக்கப் போகும். போனதை மீட்க உட்கார்ந்தால் தன்னால் மறுபடி எழ முடியாது என்பது அவளுக்குத் தெரியும். சீட்டைக் கவிழ்த்து விலகிவிடு என்றது புத்தி. கவிழ்ப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

“ஏண்டி,” என்றாள் ஷு-ஃபாங், குரலைத் தாழ்த்தி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. “நீ இப்படி மிரட்டினப்போ யாராச்சும் உன்னைப் பிடிச்சிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

வான்-ஜென் யோசித்தாள். “எழுந்து போய்த் தூங்கியிருப்பேன்.”

அந்த நாட்களில் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். ஒவ்வொருவர் ஓடியபோதும் பணம் வந்தது, அவள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். யாராவது ஒருவர் நின்று, காட்டு பார்க்கலாம் என்று சொல்லமாட்டார்களா என்று கடைசி வாரங்களில் அவள் ஏங்கியிருக்கிறாள்.

அவள் பந்தயத்தை ஏற்றாள்.

மழைப்பூனையின் சீட்டுகள் திரும்பின. பத்து, ஜாக்கி. இரண்டும் ஸ்பேட். ஒன்றோடும் சேராத வெறும் சீட்டுகள். பணம் மொத்தமும் அவள் பக்கம் சரிந்தது.

“ஜெயிச்சிட்டியா?” என்றாள் அக்கா.

வான்-ஜென் எதிர் இருக்கையையே பார்த்தாள். தோற்ற இருக்கை காலியாகவேண்டும். ஆகவில்லை. பைசா இல்லாமல் மழைப்பூனை அங்கேயே உட்கார்ந்திருந்தது. அவள் கட்டத்தில் தட்டினாள்: “போதும். எழுந்து போய்ப் படு.”

எதிர்ப்பக்கம் மூன்று புள்ளிகள் தோன்றின. யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். அழிந்தன. மறுபடி தோன்றின.

“என்னடி சொல்றா அவ?” என்று கேட்டுவிட்டு ஷு-ஃபாங் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

புள்ளிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன, தூக்கம் வராமல் புரளும் ஒருத்தியின் மூச்சுப்போல.