நாப்பத்தியொண்ணாம் நம்பர்

வெள்ளிக்கிழமை பத்தரைலருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம். இது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். டெல்லியில சுப்ரீம் கோர்ட்டும் பத்தரைக்குத்தான் உக்காருதுங்கறது அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சிது.

என் பேரு சரோஜா. அடி அண்ணாமலையில இட்லிக் கடை வெச்சிருக்கேன். பௌர்ணமி வந்தா நிக்க நேரம் இருக்காது, மத்த நாள்ல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு ஒரே பொண்ணு, அபிநயா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி கவர்மென்ட் கிளார்க் பரீட்சை எழுதினா. ஒரே ஒரு மார்க்குல வேலை போயிடுச்சி. ஒரு கேள்விக்கு அவங்க வெச்சிருந்த விடையே தப்பு, நான் எழுதினதுதான் சரினு புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு நின்னா. விடுடி சனியன, வேற பரீட்சை எழுதுன்னேன். கேட்டாளா? அவ பிடிவாதம் அவங்கப்பன் பிடிவாதம்.

சென்னை ஐகோர்ட்ல மொதல்ல ஒரு ஜட்ஜு. தோத்துட்டோம். அதே கோர்ட்ல மேல ரெண்டு ஜட்ஜு சேர்ந்து உக்காருவாங்க, அங்க ஜெயிச்சிட்டோம். ஒரு மார்க்கு குடு, நாலு வாரத்துல வேலையும் குடுன்னுட்டாங்க. எங்க ஊர் வக்கீல் ராமகிருஷ்ணன் சாருக்கு நான் ஒரு தூக்கு நெறைய கேசரி கொண்டுபோய்க் குடுத்தேன். அவரு ஒரு வாய் தின்னுட்டு, "இன்னும் ஒரு படி பாக்கி இருக்குதும்மா"ன்னாரு.

அந்தப் படிதான் டெல்லி. இவளுக்கு வேலை வந்தா லிஸ்ட்ல கடைசியா இருக்கற வேற ஊர்ப் பொண்ணு ஒருத்திக்கு இல்லாம போயிடும். அவ சும்மா இருப்பாளா? கேஸ் நடந்த ஆறு வருஷமும் அந்த சீட்டு காலியாத்தான் கெடந்துச்சி, அவளும் பாவம் காத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. அவ சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிட்டா. அங்க எடுத்தவுடனே கேஸ் நடத்த முடியாதாம். இந்தத் தீர்ப்பு தப்பு, என் கேஸை எடுத்துக்குங்கனு மொதல்ல அனுமதி கேக்கணுமாம். திங்க, வெள்ளியில அந்த மாதிரி கேசுங்கதான் வரிசையா வருமாம், பத்துல ஒம்போதைத் தூக்கிப் போட்டுடுவாங்களாம். நம்மளைக் கேக்காம எதுவும் செய்யக் கூடாதுனு நாங்களும் முன்கூட்டியே அங்க ஒரு மனு போட்டு வெச்சிருந்தோம். அதுக்கு டெல்லியிலயே இருக்கற நம்ம பக்கத்துப் புள்ள செழியன்னு ஒரு வக்கீல். போன்லதான் பாத்திருக்கேன், மீசைகூட சரியா மொளைக்கல.

வியாழக்கிழமை சாயந்திரம் வேலை ஆர்டர் கைக்கு வந்துச்சி. அதே சாயந்திரம், நாளைக்கே டெல்லியில கேஸ் வருது, நம்பர் நாப்பத்தியொண்ணுனு செழியன் சொன்னாரு.

ராமகிருஷ்ணன் வக்கீல் அபிநயாகிட்ட போன்ல நிறுத்தி நிதானமா சொன்னாரு. "பதட்டம் வேணாம். நாப்பத்தியொண்ணுனா மத்தியானம் ஆகும். நீ காலையில போனதும் கையெழுத்து போட்டு வேலையில சேர்ந்துடு. சேர்ந்துட்டா உன்னைக் கெளப்பறது கஷ்டம். சேராம இருந்து, 'இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும்'னு ஜட்ஜு ஒரு வார்த்தை சொல்லிட்டாருனு வெச்சிக்க, கேஸ் முடியற வரைக்கும் நீ வெளியிலதான்."

ராத்திரி பூரா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. அபிநயா செங்கம் ரோட்டுல ஒரு லாட்ஜுல ரிசப்ஷன் வேலை பாத்துக்கிட்டிருந்தா, அதையும் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. என்னாடி இப்படிப் பண்ணிட்டேனு கத்தினேன். ரெண்டு எடத்துல சம்பளம் வாங்க முடியாதும்மான்னா.

காலையில பத்து மணிக்கெல்லாம் வேங்கிக்கால்ல அந்த ஆபீஸ் வாசல்ல நின்னோம். கணக்குப் போட்டுத்தான் வந்தேன், பத்துக்குத் தெறந்தா பத்தரைக்குள்ள முடிஞ்சிடும்னு. பத்து பத்தாச்சி, ஆபீசர் வரல. இருவதாச்சி, வரல. என் கண்ணு செவுத்துக் கடியாரத்தை விட்டு நவுரல. மகராசன் பத்து முப்பத்தஞ்சுக்கு வந்தாரு.

நல்ல மனுஷன், குத்தம் சொல்லக் கூடாது. ஆர்டரைப் பாத்துட்டு, "வாம்மா, சேர்ந்துக்கறியா?"னு பீரோவைத் தெறந்து ரெஜிஸ்டரை எடுத்து மேஜை மேல வெச்சிட்டாரு. அபிநயா பேனாவையும் தெறந்துட்டா.

நான் அவ கையைப் பிடிச்சேன்.

"சார், ராகு காலம் பொறந்துடுச்சி. பன்னெண்டு தாண்டிப் போடட்டும் சார்."

"அம்மா, சும்மா இரும்மா"னு பல்லைக் கடிச்சா. "வக்கீல் சார் போனதும் போடச் சொன்னாரு."

"மத்தியானம்தான வரும்னாரு? பன்னெண்டே காலுக்குப் போட்டா குடியா முழுகிடும்? ஆறு வருஷம் பட்டது போதாதா, சேர்ற நேரத்தையும் கெடுத்துக்கறியா?"

ஆபீசர் சிரிச்சாரு. "நானே நல்ல நேரம் பாத்துத்தாம்மா சேர்ந்தேன். எல்லாரும் அப்படித்தான். பன்னெண்டுக்கு வாங்க"னுட்டு ரெஜிஸ்டரைத் திருப்பி பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாரு. என் பொண்ணு பேனாவை மூடினா. எம்மேல கோவம் வந்தா இவ மூக்கு செவந்துடும். அன்னிக்கும் செவந்துச்சி.

வெளிய மரத்தடியில உக்காந்தோம். அவ போன்ல டெல்லி கோர்ட்டோட போர்டு தெரிஞ்சிது. எந்தக் கோர்ட்ல எந்த நம்பர் ஓடுதுனு வருமாம். பத்தே முக்காலுக்கு நம்ம கோர்ட்ல ஆறு. பாத்தியா, நான் சொல்லலியான்னேன். பத்து அம்பத்தஞ்சுக்கு பதினெட்டு.

"என்னாடி இது, ஒரே தாவா தாவுது?"

"வாய்தா வாங்கறாங்கம்மா. சிலதை எடுத்தவுடனே தள்ளிடறாங்க. ஒரு கேசுக்கு ஒரு நிமிஷம்கூட ஆவல."

பதினொண்ணுக்கு இருவத்தியேழு. பதினொண்ணு அஞ்சுக்கு முப்பத்திரெண்டு. ராகு காலமாவது கேது காலமாவது! "எழுந்திரு, போய்ப் போடுடி கையெழுத்த"னு அவ முதுகுல ஒரு அடி வெச்சி உள்ள இழுத்துக்கிட்டு ஓடினேன்.

ஆபீசர் சீட்டு காலியா இருந்துச்சி. கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங்காம், இப்பத்தான் போனாராம். ரெஜிஸ்டர் பீரோவுல, பீரோ சாவி அவரு பாக்கெட்டுல. பியூன் அவருக்குப் போன் போட்டான். சுவிட்ச் ஆப். நான் அந்தப் பீரோவையே பாத்துக்கிட்டு நின்னேன். ரெண்டு கையாலயும் பேத்துடலாமானு வெறி வந்துச்சி.

"அம்மா, நம்ம நம்பர்"ன்னா.

செழியன் அனுப்பியிருந்த லிங்க்கைத் தட்டினா, போன்லயே கோர்ட்டு தெரிஞ்சிது. ரெண்டு ஜட்ஜுங்க, கீழ கறுப்புக் கோட்டா நெறைஞ்சி கெடந்துச்சி. எல்லாம் இங்கிலீஷு. எதிர்ப்பக்கத்துக்கு நரைச்ச தலை வக்கீல் ஒருத்தரு, பெரிய ஆளாம், என்னமோ வேகமா சொன்னாரு. ஜட்ஜு கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஒரு பக்கத்தைப் பாத்தாரு. செழியன் எழுந்தாரு. ஜட்ஜு ஒரு கேள்வி கேட்டாரு.

"என்னாடி கேக்கறாரு?"

"நான் வேலையில சேர்ந்துட்டேனானு."

அதுக்குள்ள போன்ல மெசேஜு வந்து விழுந்துச்சி. செழியன்தான், நின்னபடியே தட்டியிருக்காரு. 'ஜாயின் பண்ணியாச்சா?'

"ஆமானு போடு"ன்னேன்.

அவ என்னைப் பாத்தா.

"ஆமானு போடுடி! இன்னும் ஒரு மணி நேரத்துல போடத்தான போற? யாருக்குத் தெரியும்? ஆபீசர் தங்கமான ஆளு, காலையிலேயே சேர்ந்ததாப் போட்டுக் குடுப்பாரு. நான் கால்ல விழுந்து கேக்கறேன். போடுடி என் தங்கம்!"

"சுப்ரீம் கோர்ட்ல நின்னுக்கிட்டு அவரு என் வார்த்தையை நம்பி சொல்லப் போறாரும்மா"ன்னா. 'இல்ல சார்'னு தட்டி அனுப்பிட்டா.

டெல்லியில செழியன் குனிஞ்சி போனைப் பாத்தாரு. நிமுந்து ரெண்டு வார்த்தை சொன்னாரு. ஜட்ஜுங்க ஒருத்தருக்கொருத்தர் காதுல பேசிக்கிட்டாங்க. அப்புறம் நாலு வரி. அவ்ளோதான், அடுத்த நம்பரு. ஆறு வருஷக் கேசு, மூணு நிமிஷம் ஆயிருக்காது.

"இருக்கறது இருக்கறபடி இருக்கணுமாம்மா"ன்னா அபிநயா. "ரெண்டு பேருமே சேரக் கூடாது. கேஸை எடுத்துக்கிட்டாங்க."

"எவ்ளோ நாளு?"

"தெரியல. வருஷக் கணக்காவும் ஆவும்."

பியூன் தண்ணி கொண்டாந்து குடுத்தான். பன்னெண்டு அஞ்சுக்கு ஆபீசர் வந்துட்டாரு. "என்னாம்மா, நல்ல நேரம் வந்துடுச்சா?"னு சிரிச்சிக்கிட்டே பீரோவைத் தெறந்தாரு. டெல்லிக் காகிதம் வந்து சேர சாயந்திரம் ஆவும், இவருக்கு ஒண்ணும் தெரியாதுனு என் மனசு அப்பவும் கணக்குப் போட்டுச்சி. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அவதான் எழுந்து, "வேணாம் சார். சுப்ரீம் கோர்ட்ல நிறுத்தி வெச்சிட்டாங்க"ன்னா. அந்த மனுஷன் மொகம் செத்துப் போச்சி. ரெஜிஸ்டரைக் கையில வெச்சிக்கிட்டு என்னைத்தான் பாத்தாரு.

வெளிய வந்து பஸ்சுக்கு நின்னோம். ராமகிருஷ்ணன் வக்கீல் போன் பண்ணாரு. அவ ஸ்பீக்கர்ல போட்டா.

"ஏம்மா, பத்து முப்பத்தஞ்சுக்கே ஆபீசர் வந்துட்டாருனு நீயே மெசேஜ் போட்டிருக்கியே! அரை மணிக்கு மேல இருந்துச்சே! சேர்ந்தாச்சுனு செழியன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதையே வேறம்மா. ஏன் போடல?"

ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. நான் அவ வாயையே பாத்தேன்.

"ரெஜிஸ்டர் எங்க வெச்சாங்கனு தெரியல சார். தேடிக்கிட்டே இருந்தாங்க. அதுக்குள்ள அவரு மீட்டிங்குக்குப் போயிட்டாரு."

"அடக் கடவுளே. எல்லாம் ஆபீஸ்காரனுங்க லட்சணம்"னு திட்டிக்கிட்டே வெச்சிட்டாரு.

வேலைக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேன்னவ எனக்காகச் சொன்னா. குறுக்கால பூந்து, "சார், நான்தான் தடுத்தேன்"னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அவ அந்தப் பொய்யைச் சொன்னப்ப எனக்கு அப்பாடானு இருந்துச்சி.