இடது காது

எலும்பு துளைப்பவளின் அம்மா எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவள் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேநீர் வருவதற்குச் சற்று முன், தெரியவந்தது. மரபணு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை, பழைய மண்டையோடுகளின் காதுக்குள் இருக்கும் கெட்டி எலும்பைத் துளைத்துத் தூள் எடுப்பது. மற்ற எலும்புகளில் அழிந்துபோன மரபணுகூட அங்கே மிஞ்சியிருக்கும். துளைப்பவர்களின் எச்சில் தூளில் கலந்துவிடலாம் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஊழியர்கள் எல்லோருடைய மரபணுவும் பதிவில் இருந்தது. ஒரு குகையில் கிடைத்த பெண்ணின் மண்டையோட்டுத் தூள், துளைத்தவளுடைய மரபணுவோடு சரிபாதி ஒத்துப்போனது.

"முகமூடியைச் சரியா போடுன்னா கேக்குறியா? தும்மித் தொலைச்சிருப்ப," என்றாள் பக்கத்து மேசைக்காரி. எச்சில் என்றால் முழுசாக அல்லவா ஒத்துப்போக வேண்டும். பாதி என்றால் தாயும் பிள்ளையும். ஆய்வுக்கூட இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. பயிர் செய்கிறவர்கள் வந்து நிறைந்தபின் அந்தக் குகை மக்கள் வாரிசற்றுப் போனார்கள், இன்று உயிரோடிருக்கும் எவரிடமும் அவர்களுடைய மரபணு இல்லை என்று எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். மண்டையோட்டை வந்த இடத்துக்கே அனுப்பிவிடச் சொன்னார்.

அவளோ பிறந்த வாரமே ஓர் அனாதை இல்லத்தின் வாசலில் விடப்பட்டவள். நாற்பத்தொரு வயதாகியும், பேருந்தில் ஏறினால் முதலில் பார்ப்பது எதிரே இருப்பவர்களின் மூக்கைத்தான், தன்னுடையதைப் போல வளைந்திருக்கிறதா என்று.

"அனுப்பிடாதீங்க சார். நான் தொடாத பல்லு ஒண்ணு இருக்கு. நீங்களே எடுத்துப் பாருங்க."

அவர் வேறு கட்டடத்தில், வேறு கருவியில், தன் கையாலேயே எடுத்தார். அதே பாதி, மரபணு இழைகளின் நுனிகளில், புது எச்சிலில் இராத எட்டாயிரம் ஆண்டுத் தேய்மானம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்மாதாம்மா. வேற என்னன்னு சொல்றது?" அவருடைய கட்டுரையில் 'எவரிடமும்' என்பதற்கு முன்னால் 'ஒருத்தியைத் தவிர' என்று சேர்த்தார்கள்.

செத்தபோது அம்மாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும் என்றது பல். "உங்கம்மாவுக்கு நீ அம்மா மாதிரி இருக்கியேடி," என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். அவளும் சிரித்தாள். வலது காதைத் தானே துளைத்துவிட்டோமே என்பதுதான் அவளை அறுத்தது. இடது காது முழுசாக இருந்தது. மதிய இடைவேளைகளில் கையுறையும் முகமூடியுமாகக் குளிர் அறைக்குப் போய், அந்தக் காதோரம் குனிந்து, இல்லத்து வாசலிலிருந்து தொடங்கித் தன் கதையைச் சொல்லிவருகிறாள். இப்போது ஒன்பதாம் வயதுக்கு வந்திருக்கிறாள். அவள் எழுந்து போன பிறகு மண்டையோடு இருக்கும் தட்டில் மட்டும் உடம்புச் சூடு நிற்கிறது. குளிர்சாதனப் பழுது பார்ப்பவர் வந்து கழற்றிப் பார்த்து, இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சூட்டில் கெட்டுவிடுமே என்று மற்ற எலும்புகளைத்தான் வேறு தட்டுக்கு மாற்றினார்கள்.