பச்சைப் பொத்தான்

உடலை வண்டியிலிருந்து இறக்கும்போது அவள் கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே வலது கை மட்டும் தெரிந்தது, உள்ளங்கை கவிழ்ந்தபடி. கரண்ட் அடித்த கையில் கரிந்த புள்ளி ஒன்று இருக்கும் என்று அவர்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறார். திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

“கிணத்து மோட்டார் கிட்ட விழுந்து கிடந்தார்னு சொல்றாங்க. அப்ப கரண்ட் ஓடிச்சா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். “என் தம்பியா? இருபது வருஷமா கரண்டோட குடித்தனம் பண்றவன் டாக்டர். சுவிட்சுல துணி கட்டாம ஒரு வயரைத் தொட மாட்டான்.”

டாக்டர் தலையாட்டி எழுதினார்.

வேளாண் கல்லூரிப் பண்ணைக்கு அவர் எலக்ட்ரீஷியன். அவள் அதே பண்ணையின் நாற்றங்காலில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவள். “எங்க வீட்ல ரெண்டு பேருக்குமே ஒட்டுப் போடுற வேலைதான். அவ செடியை ஒட்டுவா, நான் வயரை ஒட்டுவேன். அவளோடது பிடிச்சுதான்னு தெரிய ஒரு மாசம் ஆகும். என்னோடது உடனே தெரிஞ்சிடும்” என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மாணவர்களை மோட்டார் அறைக்கு அழைத்துப்போய், கிணற்றடி மோட்டாரின் சுவிட்சுப் பெட்டியில் அவர் கட்டும் சிவப்புத் துணியைக் காட்டுவது அவள்தான். துணி இருந்தால் எங்கேயோ ஒரு ஆள் லைனில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். கட்டினவங்கதான் அவுக்கணும். வேற யாரும் தொடக்கூடாது. அவள் ஒரு வரி சொல்ல, அவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் திருப்பிச் சொல்வார்கள்.

இன்று காலை மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் வகுப்பு. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கத்தியைத் தன் பக்கம் இழுத்துச் சீவி, விரலை ஆழமாக வெட்டிக்கொண்டாள். ரத்தம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மோட்டார் அறைக்கு ஓடிய அவள் கண்ணில் முதலில் பட்டது அந்தத் துணிதான். நேற்றுக் கட்டினதை அவிழ்க்க மறந்துவிட்டார் என்று நினைத்தாள். டிராக்டர் ஷெட்டுக்குப் போவதாகத்தானே காலையில் சொன்னார்? உருவி எடுத்து விரலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ரத்தக் கையைக் கழுவக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடும் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். அப்போதும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள்.

அப்போதுதான் கிணற்றுப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

இரண்டு முறை. இப்போதும் அவள் கட்டைவிரல் அதை உணர்ந்தது.

கூடத்தில் நாற்காலிகள் நிரம்பின. நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் பையை அவள் மடியில் வைத்தாள். “ஆஸ்பத்திரில குடுத்த பை. வாட்ச் இருக்கான்னு பாரும்மா.”

பை கனத்தது. உள்ளே ஏதோ ஒன்றோடு ஒன்று மோதியது. டெஸ்டராக இருக்கும், பிளேயராக இருக்கும். உருகிக் கருத்திருந்தால்?

“அப்புறம் பார்க்கிறேன் அண்ணி.”

மாலையில் மாணவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள். விரலில் இன்னும் சிவப்புத் துணி.

நாத்தனார் கண்ணுக்கு எதுவும் தப்பாது. “விரல்ல என்னம்மா?”

“கத்தி பட்டுடுச்சும்மா. மேடம்தான் கட்டிவிட்டாங்க.”

நாத்தனார் அந்தத் துணியைப் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள். சொல்லிவிடலாம், கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று அவள் எழ முயன்றாள். மடியிலிருந்த பை சரிய, அதைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

“பாவம், ஆழமா பட்டிருக்கு போல” என்று நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் ‘சொட்டு’ நின்றிருந்தார். சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பண்ணையாள். பேர் என்னவென்று அவருக்கே மறந்திருக்கும். வெகுநேரமாக ஏதோ சொல்ல வந்து முழுங்கிக்கொண்டிருந்தார்.

“நேரங்காலம் தெரியாம கேக்குறேன் மேடம், தப்பா நினைக்காதீங்க. காலைல இருந்து மோட்டார் போட முடியல. பிள்ளைங்க ஒட்டுக் கட்டின கன்னெல்லாம் வாடுது.”

“ஏன் போட முடியல?” தன் குரல் வேறு எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது.

“ஃபியூஸ் கட்டை மூணையும் காணோம். அது இல்லாம லைன்ல கரண்டே ஏறாது. அண்ணன் கழட்டி வெச்சிருப்பாரு. லைன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பிடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்குவாரே, அது உங்களுக்குத் தெரியாதா? துணி கட்டுறீங்களே அண்ணே, அப்புறம் இது எதுக்குன்னு கேட்டேன் ஒருநாள். ‘துணிய எவனாவது மூக்கு சிந்த எடுத்துட்டுப் போயிடுவான்டா’ன்னாரு.”

அவள் பையைப் பிரித்தாள். வாட்ச், சாவி, சீப்பு. அடியில், அவர் கைக்குட்டையில் சுற்றி, மூன்று வெள்ளைப் பீங்கான் கட்டைகள். ஒன்றில்கூடக் கரி இல்லை. கடைசிக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சொட்டு கையை நீட்டியபடி நின்றிருந்தார். அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் போனதும் போர்வையோரம் உட்கார்ந்து, கவிழ்ந்திருந்த கையைத் திருப்பித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் வயர் இழுத்த பழைய காய்ப்பு மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டாள். விரல் நுனி வெளுத்து வீங்கியிருந்தது.

“இவ்ளோ இறுக்கமா இருக்கே, அவுத்துட்டு வேற கட்டியிருக்கலாமேம்மா.”

“கட்டினவங்கதான் அவுக்கணும்னு சொன்னீங்களே மேடம்.”

அவள் அந்தக் கையை மடிமேல் இழுத்துக்கொண்டாள். காய்ந்த ரத்தத்தில் முடிச்சு கல்லாகியிருந்தது. குனிந்து நகத்தால் நெம்பினாள். வெளியே, நாற்றங்கால் பக்கம், குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரை விட்டது.