மடத்தம்மா அழவில்லை

மறுநாள் திருநாள். லண்டனின் பார்க்கிங் (Barking) ஊர்க் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் கடைசி ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் அதே ஊரில் மடம் நடத்திய புனித எதெல்பர்காவின் கதை முதல் தடவையாக நாட்டுக்கூத்தாகிறது. பாட்டெல்லாம் குமுதினி எழுதியவை. ஆனால் எதெல்பர்காவாக வேடம் கட்டியவர் பாலேந்திரா. பெண் வேடத்தையும் ஆணே கட்டுவதுதான் அவர்களின் சொந்த ஊரான குருநகரின் வழக்கம். அதை லண்டனுக்கு அப்படியே கொண்டுவந்திருந்தார் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அருட்பிரகாசம், குமுதினியின் சொந்த அண்ணன்.

கொள்ளைநோய்க் கட்டம் வந்தது. மடத்தின் ஆண்கள் பக்கத்தை வாரிக்கொண்ட சாவு, பெண்கள் பக்கம் திரும்புகிறது. 'நம்மை எங்கே அடக்குவது?' என்று தலைவி தன் பெண்களைக் கேட்க வேண்டும். பாலேந்திரா முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மிப் பாடினார்.

பாட்டுக் கொப்பியைப் பிடித்து அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த குமுதினிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. அவா அழேல்லை."

"கூத்தில பொம்பிளை அழாட்டி ஆர் பாக்கிறது?" என்றார் அருட்பிரகாசம்.

"சாவு வாசலில நிக்கேக்க, தன்ர பிள்ளையளுக்கு இடம் தேடுறவள் அழமாட்டாள். அந்தப் பாட்டை நான் படிக்கிறன்."



"அப்ப என்ர மீசை?" என்றார் பாலேந்திரா. "இருபது வருஷ மீசை. காலமைதான் வழிச்சனான். மனுசி இன்னும் என்னோட கதைக்கேல்லை!"

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாவியாரைத் தவிர.

"அப்பு காலத்திலயிருந்து எங்கட மேடையில பொம்பிளை ஏறினதில்லை, குமுது."

"எதெல்பர்காவுக்கும் ஒரு அண்ணன் இருந்தவர். ஆயர். மடத்தைக் கட்டினது அவர், நடத்தினது தங்கச்சி. அங்கயிருந்த ஆம்பிளையளையும் சேர்த்துத்தான்."

அருட்பிரகாசம் தன் கைத்தாளத்தை எடுத்தார்.

"ஆம்பிளையளின்ர சுருதி. ஒரு சொட்டும் குறைக்கமாட்டன். ஏலுமோ?"

"ஏலும்."

நாற்பத்தாறு வயது வரை அவள் யாரோ ஒருவரின் தங்கை, யாரோ ஒருவரின் மனைவி. லண்டனுக்கு வருமுன் ஒஸ்லோ ஹோட்டலில் அறை துடைத்த பன்னிரண்டு வருடமும் பாட்டைப் பல்லுக்குள்ளேயே வைத்திருந்தாள். நெஞ்சு அடித்துக்கொள்வது பயத்தினாலா? இல்லை, இது பசி என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மத்தளம் முழங்கியது. வாயைத் திறந்தாள்.

பாட்டு முடிந்தபோது அருட்பிரகாசம் தாளத்தை மடியில் வைத்து வேட்டித் தலைப்பால் துடைத்தார். நிமிரவில்லை.

"பாலேந்திரா, நீ ஆயர். உடுப்பைத் தங்கச்சியிட்டக் குடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. போர் முடிந்த 2009ஆம் ஆண்டு அது. வந்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் உறவுகள் வன்னியில் எந்த மண்ணுக்குள் கிடக்கிறார்கள் என்றே தெரியாது. குமுதினி மேடையின் விளிம்பு வரை நடந்து வந்தாள். மடத்துப் பெண்களாக வேடம் கட்டியிருந்த ஆண்களை விட்டுவிட்டு, எதிரே இருந்தவர்களின் கண்களைப் பார்த்தே கேட்டாள்:

"எங்கே கிடத்துவோம் எம்மவரை? எந்த மண் நம் மண், சொல்லுங்கள்!"

குரல் கலங்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பின்னால் ஒருவர், இன்னொருவர். பார்த்திருக்கவே மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

வானத்து வெளிச்சம் இறங்கி அடக்கம் செய்யும் இடத்தைக் காட்டும் பாட்டு வந்தது. குமுதினி ஒருவரையும் கேளாமல் குரலை இன்னும் மேலே ஏற்றினாள். அண்ணனின் தாளம் ஒரு கணம் தடுமாறி, பிறகு ஓடி வந்து அவளோடு சேர்ந்துகொண்டது.