ஜாடியைச் சுற்றிய சட்டை

வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் கண்ணாடி ஜாடி விற்று வந்தாள் அவள். ஒருநாள் ஜாடியைச் சுற்றும் பபிள் ஷீட் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, மகளுக்குச் சின்னதாகிப்போன பள்ளிச் சட்டையைச் சுற்றி அனுப்பிவிட்டாள்.

ஜாடி சுக்குநூறாகத்தான் போய்ச் சேர்ந்தது. வாங்கியவன் பணத்தைத் திருப்பிக் கேட்டான். "வண்டிக்காரன் போட்டு உடைச்சா அதுக்கு நானா பொறுப்பு?" என்று எழுதிவிட்டு, அவன் நம்பரை பிளாக் செய்தாள். "ஒரு தொல்லை ஒழிஞ்சுது" என்று கணவனிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

இன்று பிற்பகல் வேறொரு நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே அந்தச் சட்டை, இஸ்திரி போட்டு விரித்திருந்தது. சட்டைப் பையின் மேல் பள்ளியின் பெயர். காலரின் உள்பக்கம், தொலையாமலிருக்க அவளே நூலால் தைத்த மகளின் பெயர். கீழே ஒரே வரி: "பாப்பா எத்தனாவது படிக்குது?"

பள்ளிக்குப் போன் செய்தாள், யாரும் எடுக்கவில்லை. செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

பள்ளி விட்டிருந்தது. கேட்டருகே மகள் நின்றிருந்தாள். பக்கத்தில், அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி ஓர் ஆள்.

"அம்மா, இந்த அங்கிளுக்கு என் பேரு தெரியுது!" என்றாள் மகள்.

"போன்ல பதில் சொல்ல மாட்டேன்னுட்டீங்க. அதான் நேர்ல வந்தேன்" என்று அவன் சிரித்தான்.

மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பணத்தை இப்பவே அனுப்பிடறேங்க."

"அவசரமே இல்லம்மா" என்றான் அவன். "ஸ்கூல்தான் தெரிஞ்சுபோச்சே."