கேபிள் நுனியில் இருந்த மூடி

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் காலையிலிருந்து கடகடத்துக்கொண்டிருந்தது. அக்காவின் எம்பிராய்டரி டிசைன்கள் முழுவதும் அதற்குள்தான் இருந்தன. பென்டிரைவ் சொருக இடமில்லாத காலத்து மெஷின். அது நிற்பதற்குள் கேபிள் வழியாகப் புதியதற்கு மாற்றியாக வேண்டும். நெட்வொர்க் கார்டோ வாயே திறக்கவில்லை.

“வேற கார்டு போட்டும் பாத்துட்டேன்கா. இதுவும் ஊமையாத்தான் இருக்கு.”

“சத்தம் கூடுதேடா. நின்னுடும் போலிருக்கு.”

“நீ வேற பயமுறுத்தாதேக்கா.”

தம்பி மேசைக்கடியில் தவழ்ந்து, கேபிளைத் தடவிக்கொண்டே போனான். இரண்டு மெஷினையும் தாண்டி நீண்ட அதன் நுனி மொட்டையாக இருந்தது.

“இங்க ஒரு குட்டி மூடி இருக்குமே?”

“அதுவா? எதோடயும் ஒட்டாம சும்மா தொங்கிச்சு. தூசி தட்டுறப்ப கழட்டி பொத்தான் டப்பால போட்டேன்.”

“நல்லா தட்டினே போ. அது இல்லேன்னா சிக்னல் நுனியில முட்டித் திரும்பி வந்து மொத்த லைனும் படுத்துடும்.”

அவள் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, பொத்தான்களுக்கு நடுவே துழாவி எடுத்துக் கொடுத்தாள். அவன் திருகியதும் டிசைன்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

“இன்னும் எவ்வளவுடா இருக்கு?”

“மெதுவா பேசு. அதுக்குக் கேட்டுடப் போகுது.”

கடைசி டிசைன் வந்த சற்று நேரத்தில் கடகடப்பு நின்றது.

“என்னடா ஆச்சு?”

“எல்லாம் வந்தாச்சு. அதுதான் போயாச்சு.”