உள்கோடு

சிற்பியின் மனைவிக்கு உள்ளே ஒன்றுமில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர். முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார். காலி அட்டைப்பெட்டிச் சத்தம் வந்தது. "இருமல் சரியாயிடும். மத்ததுக்கு மருந்து கிடையாதும்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முந்தைய வருடம் சிற்பி அவளைக் கூடத்தில் நிற்கவைத்து, சுற்றிச் சுற்றிக் கைப்பேசியில் படமெடுத்து, கணினியில் உருவமாக்கி, ரொட்டியை வெட்டுவதுபோல் குறுக்கே மெல்லிய துண்டுகளாக்கினான். ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் தாளில் அச்செடுத்துக் கொடுப்பான். கடைகளில் கெஞ்சி வாங்கிய அட்டைப்பெட்டிகளில் தாளை ஒட்டி வெட்டுவதும், பசை காய்ச்சி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதும் அவள் வேலை. அட்டையில் அவள் இரண்டு ஆள் உயரம். தொடைக்கு வந்தபோது வெளிக்கோட்டுக்குள் இன்னொரு கோடு இருந்தது.

"உள்ள இருக்கிறத வெட்டி எடுத்துடு. எடை குறையும்."

"விட்டாத்தான் என்னங்க? என்னைத்தானே செய்றீங்க."

"உள்ள யாருடி பாக்கப் போறா?"

வெட்டினாள். ஆனால் வெட்டிய வில்லைகளை எறிய மனம் வரவில்லை. என்றாவது திரும்ப உள்ளே வைத்துவிடலாம் என்று கட்டிலுக்கடியில் அடுக்கினாள். சிலைக்குப் பரிசு கிடைத்து வீடு நிறைய ஆட்கள் வந்த அன்று, மாமியார் அவற்றை அள்ளி வெந்நீர் அடுப்பில் போட்டாள். "குப்பையச் சேத்து வச்சு கரையான் வளக்குறா மகராசி." அன்றைக்குத்தான் இருமல் தொடங்கியது, புகை நாற்றத்தோடு.

வீடு பழகிக்கொண்டது. அவளுக்குப் பசி நின்றுவிட்டதால் மாமியார் சாப்பாட்டுக்கு மூன்று தட்டுகளே வைத்தாள். கூப்பிட்டால் பதில் இரண்டு முறை கேட்டது. காற்று பலமாக அடித்தால் மகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். சில சமயம் வயிற்றில் காது வைத்து, "உள்ள நம்ம தெரு கேக்குதும்மா" என்பாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலுக்குக் குழந்தைச் சிலை கேட்டார்கள். சிற்பி மகளைக் கூடத்தில் நிற்கவைத்துச் சுற்றிவந்தான். வேலை தெரிந்துவிட்டதால் இந்த முறை பாதத்திலேயே உள்கோடு போட்டிருந்தான்.

"எனக்கு உள்ள வெட்டாதம்மா" என்றாள் மகள், பசைச் சட்டியைக் கிளறிக்கொண்டே.

அவள் மகளைப் பார்த்தாள். இது அழ வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுவதற்கானது அடுப்பில் போயிருந்தது. பிளேடை மாற்றிக்கொண்டு, கோடு பிசகாமல் வெட்டினாள்; மிச்சம் வந்த வில்லைகளை அவளே கொண்டுபோய் வெந்நீர் அடுப்பருகே வைத்தாள்.

மாமியார் மறுநாளிலிருந்து இரண்டு தட்டுகள் வைத்தாள்.